மேல் இமை தொங்குகிறது: தோலை வெட்டுவதா, உள்ளே தசையைச் சரிசெய்வதா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு மேல் இமைகளும் தொங்கிவிட்டன. புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து நெற்றியே வலிக்கிறது என்கிறார். ஒரு டாக்டர் தோலை எடுத்தால் போதும் என்றார், இன்னொருவர் உள்ளே தசையைச் சரிசெய்யணும் என்றார். யாரை நம்புவது? வேறு வழி ஏதாவது உண்டா?

பதில்:

இரண்டு பேருமே சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எதை அளந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று கேட்காமல் தேதி வாங்கிவிடாதீர்கள். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவமனையில் இமை, கண்ணீர்ப்பை சம்பந்தப்பட்டவர்களைப் பார்க்கும் பிரிவில் வேலை. ஆபரேஷன் செய்கிற ஆள் நான் இல்லை, செய்கிறவருக்கு அளவுகள் எடுத்துக் கொடுக்கிற ஆள். எங்கள் பெரியம்மாவுக்கும் இதே ஆபரேஷன் நடந்ததால் வீட்டுப் பக்கத்துப் பாடும் கொஞ்சம் தெரியும்.

"இமை தொங்குது" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒரு கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ந்து ஷட்டரே பாதியில் நிற்பது ஒன்று. ஷட்டர் ஒழுங்காக மேலே போய்விட்டது, முன்னால் கட்டிய படுதா தொங்கி வாசலை மறைக்கிறது, அது இரண்டாவது. மேலே இருந்த பெயர்ப்பலகை கழன்று இறங்கி, படுதாவையும் கீழே தள்ளிக்கொண்டு நிற்பது மூன்றாவது. ஷட்டர்தான் இமையின் விளிம்பு, அதாவது இமைமுடி முளைக்கிற ஓரம். அது இறங்கினால் டாக்டர்கள் டோசிஸ் என்பார்கள். படுதா என்பது வயதானபின் நெகிழ்ந்து மடியும் தோல், பெயர்ப்பலகை புருவம். உள்ளே இருக்கிறவருக்கு மூன்றிலும் ஒரே இருட்டுதான். சரிசெய்ய வருகிறவர் கை வைக்க வேண்டிய இடம்தான் வேறு வேறு. அறுபது தாண்டியவர்களில் இந்த மூன்றும் கலந்தே வருவது ரொம்ப சகஜம், அதனால்தான் ஒரே முகத்தைப் பார்த்து ஒருவர் தோல் என்கிறார், ஒருவர் தசை என்கிறார்.

எதனால் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் கருவிழியின் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சாதாரணமாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். எம்.ஆர்.டி. என்று சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான். தோல் மேலே விழுந்து மறைத்தால் அதை மெதுவாக விலக்கிப் பிடித்துக்கொண்டு உண்மையான விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கணும். விலக்கிப் பிடித்ததும் 4 மி.மீ. வந்துவிட்டால் ஷட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பிரச்சினை தோல். விலக்கியபிறகும் 1 மி.மீ., 2 மி.மீ. என்று நின்றால் தோலை எவ்வளவு வெட்டினாலும் கண் திறக்காது. அம்மா புருவத்தைத் தூக்கிக்கொண்டே பார்ப்பவர் என்றீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, புருவத்தை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காவிட்டால் அளவே பொய்.

அடுத்த அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. இமையைத் தூக்குகிற முக்கியத் தசைக்கு லிவேட்டர் என்று பெயர். கட்டைவிரலால் புருவத்தை அசையாமல் அழுத்திப் பிடித்து, முதலில் நன்றாகக் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு தலையை அசைக்காமல் முழுதாக மேலே பார்க்கச் சொன்னால், இமை விளிம்பு எத்தனை மி.மீ. பயணம் செய்கிறது என்பதுதான் அந்தத் தசையின் பலம். 12 மி.மீ.க்கு மேல் போனால் தசை நல்ல தசை. 4 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால் அந்தத் தசையை நம்பி எதுவும் செய்ய முடியாது. உங்கள் அம்மா வயதுக்காரர்களில் பெரும்பாலும் தசை நன்றாகவே இருக்கும். தசையை இமைத் தகட்டோடு (இமைக்குள் விறைப்பாக இருக்கும் தகடு) இணைக்கும் மெல்லிய சவ்வுதான் வயதில் நெகிழ்ந்தோ பிரிந்தோ போயிருக்கும். இமை மடிப்புக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறி, இமைக்கு மேல் குழி விழுந்த மாதிரி இருப்பது அதற்கு அடையாளம். வருடக்கணக்காகக் கடினமான கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள், கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள், கேட்ராக்ட் ஆபரேஷன் ஆனவர்கள் இவர்களுக்கும் இது வரும்.

வரும்போது பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண போட்டோ ஏதாவது எடுத்து வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இமை எப்போது இறங்கியது, சின்ன வயதிலேயே ஒரு கண் சிறிதாக இருந்ததா என்பதை நோயாளி சொல்வதைவிட ஆல்பம் நன்றாகச் சொல்லும்.

சரி, ஆபரேஷன்களுக்கு வருவோம்.

தோல் மட்டும்தான் பிரச்சினை என்றால் பிளெஃபரோபிளாஸ்டி. உட்காரவைத்துப் பேனாவால் குறித்து, மரத்துப்போக ஊசி போட்டு, இயற்கையான மடிப்புக் கோட்டிலேயே வெட்டி, மிகுதித் தோலை எடுத்துத் தைப்பார்கள். கண்ணைத் திறந்தால் தழும்பு மடிப்புக்குள் போய்விடும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள். இதில் நல்ல சர்ஜனின் கவலையெல்லாம் எவ்வளவு தோலை விட்டுவைப்பது என்பதில்தான். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவில் சுமார் 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. அதற்கும் கீழே போனால் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. கண் காயும், எரியும், கருவிழியில் புண்கூட வரலாம். இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர், இளமையா தெரியணும் என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பகீரென்று இருக்கும். குறைவாக எடுத்திருந்தால் பிறகு இன்னொரு தடவை எடுக்கலாம், கூடுதலாக எடுத்துவிட்டால் வேறு இடத்திலிருந்து தோல் கொண்டுவந்து ஒட்டுகிற அளவுக்குப் போகும். கொழுப்பும் அப்படித்தான். முன்பு தாராளமாக எடுத்தார்கள், எடுத்தபின் கண் குழி விழுந்து இன்னும் வயதாகத் தெரிந்ததால் இப்போது கைச்சிக்கனம். மேல் இமையின் வெளி ஓரத்தில் புடைப்பாகத் தெரிவது கொழுப்பாக இல்லாமல் இறங்கிவந்த கண்ணீர்ச் சுரப்பியாகவும் இருக்கலாம். அதைத் தெரியாமல் வெட்டுவது பெரிய தப்பு.

புருவம் இறங்கியிருந்தால் கதை மாறும். புருவத்தைக் கவனிக்காமல் இமைத் தோலை மட்டும் எடுத்தால், தைக்கும்போது புருவம் இன்னும் கீழே இழுபடும். கொஞ்ச நாளில் பழைய பாரம் திரும்ப வந்த மாதிரி இருக்கும். புருவத்தைத் தூக்கப் பல வழி உண்டு. புருவ முடிக்கு மேலேயே ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைப்பது எளிது, நன்றாகத் தூக்கும், ஆனால் தழும்பு தெரியும். நெற்றியில் ஆழமான கோடுகளும் அடர்ந்த புருவமும் உள்ள வயதான ஆண்களுக்கு அது மறைந்துவிடும், மெல்லிய புருவமுள்ள பெண்களுக்குக் கண்ணாடியில் தினமும் உறுத்தும். இமையில் போட்ட அதே வெட்டு வழியாக உள்ளே போய்ப் புருவத்தை எலும்பு உறையோடு சேர்த்துத் தைப்பது இன்னொன்று, புருவம் தூக்குவது கம்மிதான், ஆனால் தனித் தழும்பு கிடையாது. முடிக்குள் சின்னத் துளைகள் போட்டு எண்டோஸ்கோப் வைத்து நெற்றியையே தூக்குவதும் உண்டு, அது செலவான சமாச்சாரம், உங்கள் அம்மாவுக்கு யாராவது அதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இனி ஷட்டரே இறங்கியிருந்தால். தசை நன்றாக இருந்து இணைப்பு மட்டும் நெகிழ்ந்தவர்களுக்கு லிவேட்டர் அட்வான்ஸ்மென்ட் என்ற ஆபரேஷன். மடிப்புக் கோட்டில் திறந்து, நெகிழ்ந்துபோன சவ்வைத் தேடிப் பிடித்து, முன்னே கொண்டுவந்து இமைத் தகட்டில் தைப்பார்கள். அதே வெட்டில் மிகுதித் தோலையும் எடுத்துவிடலாம். உங்கள் இரண்டு டாக்டர்கள் சொன்னதும் ஒரே மேஜையில் நடக்கக்கூடியது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். எங்கள் பெரியம்மாவுக்கு இப்படித்தான் இரண்டும் சேர்த்து நடந்தது.

இந்த ஆபரேஷனில் நோயாளி விழித்திருப்பது நல்லது. தையலை முழுதாக முடிச்சுப் போடுவதற்கு முன் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள், சில பேர் மேஜையில் எழுந்து உட்காரவே சொல்வார்கள், இரண்டு பக்கமும் சமமா, வளைவு சரியா என்று பார்த்து இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்து, "ஊசி போட்டது ஒண்ணுமே இல்லடா, மேல பாருங்க கீழ பாருங்கன்னு பரீட்சை வச்சதுதான் தாங்கல" என்றார். பயத்தில் முழு மயக்கம் கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு அது தேவையில்லை, மயக்கத்தில் இருப்பவரைக் கண் திறக்கச் சொல்லிச் சரிபார்க்கவும் முடியாது.

ஒரு கண்ணுக்கு மட்டும் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்பும், ஹெரிங் விதி என்பார்கள். இறங்கிய கண்ணைத் திறக்க மூளை கூடுதலாக உந்தும்போது நல்ல கண்ணும் சேர்ந்து தூக்கி நிற்கும். இறங்கிய கண்ணைச் சரிசெய்ததும் உந்துதல் குறைந்து, நன்றாக இருந்த கண் இறங்கிவிடலாம், "டாக்டர் இந்தக் கண்ணைக் கெடுத்துட்டார்" என்று சண்டைக்கு வருவார்கள். முன்கூட்டியே இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்து அடுத்த இமை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டால் இது தெரிந்துவிடும். இதே காரணத்தால், இமை சரியானதும் உங்கள் அம்மாவின் நெற்றி ஓய்வெடுக்கும், தலைவலி குறையும், புருவமும் கொஞ்சம் கீழே வரும். அப்போது முன்பு தெரியாத தோல் மடிப்பு தெரியலாம். அந்தக் கணக்கையும் முன்பே போட்டுத்தான் குறிப்பார்கள்.

இறக்கம் சுமார் 2 மி.மீ. அளவில் லேசாக இருந்தால் இமையைத் திருப்பி உள்பக்கம் வழியாகச் செய்யும் முறை இருக்கிறது. லிவேட்டருக்குப் பின்னால் முல்லர் என்று ஒரு சின்னத் தசை, இமையை 2 மி.மீ. போலத் தூக்கிப்பிடிப்பது அதன் வேலை. அதிலும் அதை ஒட்டிய சவ்விலும் ஒரு பகுதியை எடுத்துச் சுருக்கித் தைப்பார்கள். வெளியே தழும்பே கிடையாது. ஆனால் யாருக்கு இது பலிக்கும் என்று பார்க்க 2.5 சதவீத ஃபினைல்எஃப்ரின் சொட்டு போட்டுச் சில நிமிடம் காத்திருப்போம். இமை நன்றாக மேலே போனால் இந்த முறைக்கு ஆள் தயார். அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் வெளிவழிதான். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் அந்தச் சொட்டு போடும் முன் சொல்லிவிட வேண்டும். தோல் நிறையத் தொங்குகிறவருக்கு இது மட்டும் போதாது. 1961-இல் வந்த ஃபசனெல்லா-செர்வாட் என்ற பழைய உள்வழி முறையும் உண்டு, அதில் இமைத் தகட்டிலும் ஒரு துண்டை எடுத்துவிடுவதால் இப்போது கை வைப்பவர்கள் குறைவு.

தசையே வேலை செய்யாதவர்களுக்கு ஸ்லிங். இமையை நெற்றித் தசையோடு ஒரு நாடாவால் இணைத்துவிடுவது. நாடா சிலிகான் கம்பியாக இருக்கலாம், தொடையிலிருந்து எடுத்த சவ்வாகவும் இருக்கலாம். புருவத்தைத் தூக்கினால் கண் திறக்கும். கீழே பார்க்கும்போது இமை கூடவே இறங்காது, தூங்கும்போது கொஞ்சம் திறந்திருக்கும், ராத்திரி களிம்பு போடணும். உங்கள் அம்மாவுக்கு இது தேவைப்பட வாய்ப்பு குறைவு, ஆனால் பிறவியிலேயே இமை இறங்கிய குழந்தைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கண்மணியை மறைக்கும் இமை இருந்தால் அந்தக் கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாது, சோம்பேறிக் கண் ஆகிவிடும், அப்படி மறைத்தால் சீக்கிரமே ஆபரேஷன் செய்வார்கள். மறைக்காவிட்டால் மூன்று முதல் ஐந்து வயது வரை பொறுத்துச் செய்யலாம், ஆனால் அதுவரை பவரும் பார்வையும் பரிசோதித்துக்கொண்டே இருக்கணும். சில குழந்தைகளுக்குப் பால் குடிக்கும்போது இறங்கிய இமை துள்ளித் துள்ளி ஏறும். தாடைத் தசைக்குப் போக வேண்டிய நரம்பு இமைத் தசைக்கும் கிளை விட்டிருப்பதால் வருவது அது, கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இதெல்லாம் பேசுவதற்கு முன், ஆபரேஷனே வேண்டாத இமை இறக்கங்களும் உண்டு. காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இறங்குகிறது, சில நாள் இந்தக் கண், சில நாள் அந்தக் கண், கூடவே இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். ஐஸ் பாக்கெட்டை மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்தால் 2 மி.மீ. ஏறிவிடுகிறதா என்று பார்ப்போம், அதன்பிறகு ரத்தப் பரிசோதனை. அதற்கு மருந்துதான், கத்தி இல்லை. புருவ நடுவில் போடாக்ஸ் போட்டபிறகு இறங்கிய இமை தானாக ஏறும், பொறுக்கணும். திடீரென்று ஒரு இமை மூடிக்கொண்டு, கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, அந்தக் கண்ணின் கண்மணி பெரிதாகத் தெரிவது என்று வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வந்து நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் மெதுவாக வந்திருப்பதால் இவ்வளவு பயம் வேண்டாம், ஆனாலும் சாயங்காலம் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கத்தி இல்லாத வழி கேட்டீர்கள். இமையைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி வைத்த கண்ணாடி உண்டு, ஆபரேஷன் தாங்காத உடம்புக்காரர்களுக்கு அது நல்லது. ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீத சொட்டை இதற்கென்றே அமெரிக்காவில் 2020-இல் அனுமதித்தார்கள். முல்லர் தசையைத் தூண்டிச் சில மணி நேரம் தூக்கும், அவ்வளவுதான். கண் பயிற்சியால் பிரிந்த சவ்வு ஒட்டாது. அழகு நிலையங்களில் நூல் போடுகிறோம், பிளாஸ்மா பேனாவால் சுடுகிறோம் என்பார்கள், இமை விஷயத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

யாரிடம் செய்வது என்றால், கண் டாக்டர்களிலேயே ஆகுலோபிளாஸ்டி, அதாவது இமை, கண்ணீர்ப்பை ஆபரேஷன்களைத் தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய கண் மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு, சென்னையில் 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்வார்கள், தோல் மட்டும் என்றால் அவர்களும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஷட்டர் பிரச்சினை என்றால் கண்ணுக்குள்ளும் பார்க்கத் தெரிந்தவரிடம் போவது எனக்கு நிம்மதி. கண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று கண்ணீர்ப் பட்டை வைத்துப் பார்த்தாரா, மூடும்போது கருவிழி மேலே சுழல்கிறதா என்று பார்த்தாரா என்று கவனியுங்கள். உலர் கண் உள்ளவருக்கு இமையைக் கொஞ்சம் குறைவாகத்தான் தூக்க வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டர் சொன்னால்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீக்கமும் கன்றலும் இருக்கும், நீலம் கன்னம் வரை இறங்கும், உறவுக்காரர்கள் பார்த்து அலறுவார்கள். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை உயரமாக, குனிந்து பாரம் தூக்காமல் இருந்தால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் குறைய என்று முதலில் தெரிவதை வைத்துக் கவலைப்பட வேண்டாம், உண்மையான உயரம் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குப்பிறகும் குறைந்தோ கூடியோ நின்றால் திரும்பத் திருத்துவது உண்டு, இதை முன்பே சொல்லாத டாக்டரைவிட சொல்லும் டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் முதல் நாளிலேயே தாங்க முடியாத வலி, கண் கல்லு மாதிரி இறுகி வெளியே தள்ளுவது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் நடுராத்திரி என்றாலும் கிளம்பிப் போகணும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது ரொம்ப அபூர்வம், வந்தால் நேரத்தோடு திறந்துவிடாவிட்டால் பார்வை போகும்.

காப்பீடு இருந்தால் ஒரு வேலை முன்பே செய்யுங்கள். அழகுக்கான சர்ஜரியை நம் நாட்டு பாலிசிகள் பொதுவாக ஒதுக்கிவைக்கும், மருத்துவத் தேவை என்று காட்டினால்தான் பேச்சு. இமை இருக்கிற நிலையில் ஒரு தடவையும், டேப் போட்டுத் தூக்கி ஒட்டிக்கொண்டு ஒரு தடவையும் பார்வைப் புலப் பரிசோதனை எடுத்து, மேல் பக்கம் எவ்வளவு மறைகிறது என்று காட்டி, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோக்களோடு டாக்டரின் கடிதத்தை வைத்து முன் அனுமதிக்கு அனுப்புங்கள். முடிந்தபிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், 64 வயது என்பதால் கேட்ராக்ட்டும் இருக்கலாம், எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். கேட்ராக்ட் ஆபரேஷனில் கண்ணை விரித்துப் பிடிப்பதால் இமை அதன்பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கக்கூடும் என்று நிறைய டாக்டர்கள் கேட்ராக்ட்டை முதலில் முடிப்பார்கள். இமையின் பாரம் மாறினால் கருவிழியின் வளைவும் லேசாக மாறும், லென்ஸ் பவர் கணக்கு அந்த வளைவை வைத்துத்தான் என்பதால் இமையை முதலில் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு டாக்டர்களும் ஒரே இடத்தில் இருந்து பேசிக்கொண்டால் உங்களுக்குத் தலைவலி இல்லை. எப்படியானாலும் இமை ஆபரேஷன் ஆனதும் புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம், பவர் நிலைக்க சுமார் மூன்று மாதம் விட்டுப் பார்த்து எழுதினால் இரண்டாம் தடவை லென்ஸ் மாற்றும் செலவு மிச்சம்.